சேர்வராயன்: ஒரு காவற்பெயரின் கதை

செம்மநத்தம் ஏற்காட்டு மலையில் உள்ள ஊர். பெயரின் பின்பாதியை விளக்க வேண்டியதில்லை. வீட்டுப் பட்டாவுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு ஒருமுறை அலைந்தவருக்கும் நத்தம் என்றால் என்னவென்று தெரியும். நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என்று நிலத்தைப் பிரித்த வருவாய்த்துறை, சனங்கள் வீடு கட்டிக் குடியிருந்த இடத்தைக் கிராம நத்தம் என்று தனியே விட்டுவைத்தது. அதற்குத் தீர்வை கிடையாது. தீர்வை இல்லாததால் நெடுங்காலம் பட்டாவும் கிடையாது. நத்தம் நிலவரித் திட்டம் வந்த பிறகுதான் தோராயப் பட்டா, தூய பட்டா என்று காகிதங்கள் கைக்கு வந்தன.

இந்த ஏற்பாடு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களின் கணக்கு கல்லில் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் வரி விதிக்கும் நிலத்தைக் கணக்கிடுமுன், ஊர்நத்தத்தையும் குளத்தையும் சேரிகளையும் சுடுகாட்டையும் கழித்துவிடுகிறார்கள். உழுகிற நிலத்தில் அரசனுக்குப் பங்கு உண்டு. படுத்து உறங்குகிற நிலத்தில் இல்லை. ஆயிரம் ஆண்டுகளாக நத்தம் என்ற சொல் இந்த விலக்கைத் தன்னோடு வைத்திருக்கிறது. (குறளில் வரும் நத்தம் வேறு, அது ஆக்கத்தைக் குறிப்பது.)

முன்பாதியைச் செம்மண் என்று கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. செம்மண்நத்தம், வாய்க்குள் உருண்டு, ணகரம் தேய்ந்து செம்மநத்தம் ஆகியிருக்கும். மலையின் மேற்பரப்பைப் பார்த்தவர் இதை மறுக்கமாட்டார். உச்சிச் சமவெளிகளில் செம்பராங்கல்லும் செம்மண்ணும்தான். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் லாரி லாரியாகப் போனது அந்த மண்தான். ஆலைக்காரர் அதைப் பாக்சைட் என்பார்கள். பிரான்சு நாட்டின் தெற்கே லே போ என்ற சிற்றூரில் 1821இல் பெர்த்தியே என்பவர் கண்டெடுத்ததால் வந்த பெயர் அது. மண்ணுக்கு அடியில் கிடக்கும் கருங்கல்லின் கதை இதைவிட வேடிக்கை. நிலவியலார் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகனின் கல்லறையை மூடியிருந்த பலகைக்கல் அந்த வகை. தாமஸ் ஹாலந்து 1893இல் அதை ஆராய்ந்து, செத்தவனின் பெயரைக் கல்லுக்குச் சூட்டிவிட்டார். ஆக, இந்த மலையின் மேல்மண்ணுக்கு ஒரு பிரெஞ்சு ஊரின் பெயர், அடிக்கல்லுக்கு ஒரு கல்லறைக்காரனின் பெயர். மலைக்கு மட்டும் மலைக்காரர்கள் வைத்த பெயரே நின்றிருக்கிறது. ஆங்கிலேயர் அதையும் ஷெவராய் என்று நறுக்கித்தான் எழுதினார்கள். நடுவில் ரகர ஒற்று போயிற்று, கடைசியில் னகர ஒற்று போயிற்று; சிவன் பெயரோ என்று கேட்பவர் மயங்குகிற அளவுக்கு ஒலி மாறிற்று. ஆனால் மலைமேல் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சேர்வராயன் மலை, அல்லது சும்மா, சேர்வராயன்.

சேர்வராயன் மலையின் பெயரா, சாமியின் பெயரா? இரண்டும்தான். ஐயாயிரத்து முந்நூறு அடிக்கு மேல், மரமில்லாத ஒரு சமதளத்தின் ஓரத்தில் குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். பாறை கசிந்து தரை ஈரமாகவே இருக்கும். வெளிச்சம் விளக்கினுடையது மட்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். குகை உள்ளே குறுகிக் குறுகிப் போய்க் காவிரி பிறக்கும் இடத்தில் முடிகிறது என்பது மலைக்காரர் நம்பிக்கை. மே மாதம் திருவிழா. சுற்று வட்டாரத்து மலையூர்கள் அத்தனையும் அன்று மேலே ஏறிவிடும்.

பெயரின் வாலைப் பிடித்தால் வழி கிடைக்கிறது. சம்புவராயன், மழவராயன், பல்லவராயன், காடவராயன், வாணகோவரையன். சோழர் கல்வெட்டுகளில் இப்படிப் பட்டம் சுமந்தவர்கள் மலிந்து கிடக்கிறார்கள். எல்லாம் அரையன் என்ற ஒரே சொல்லின் வார்ப்பு. வடமொழியின் ராஜன் பிராகிருதத்தில் ராய ஆயிற்று. ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. அதனால் முன்னால் ஓர் அகரத்தை ஒட்டி அரையன் என்று ஆக்கிக்கொண்டோம். அரசன் என்பதும் அதே வீட்டுப் பிள்ளை, கொஞ்சம் மூத்தது. பின்னால் விசயநகரத்து ராயர்கள் வந்தபோது பழைய அரையன்கள் எல்லாம் ராயன்களாக மாறினார்கள். முன்சொல்லின் உயிரோடு அரையன் சேரும்போது இடையே ஒரு வகரம் நுழையும்: மழ, அரையன், மழவரையன், மழவராயன். அதே கணக்கில் சேர, அரையன், சேரவரையன், சேர்வராயன். பக்கத்துக் கல்வராயன் மலைக்கும் இதே வால்தான்.

சேர்வை என்ற படைத்தலைமைப் பட்டத்திலிருந்து வந்தது என்று வாதிடுபவர் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. சேர்வைப் பட்டம் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் செழித்தது. சேலத்து மலைக்கு அது தூரம். சேரனோ இங்கே அந்நியனல்லன். தெற்கே கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனிடம் கொடுத்தான் என்று சங்க நூல்கள் பேசுகின்றன. வடக்கே அதியமானின் தகடூரை வென்றவன் பெருஞ்சேரல் இரும்பொறை. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடியது அவனைத்தான். தகடூர் இன்றைய தருமபுரி. கொல்லிக்கும் தகடூருக்கும் நடுவில் நிற்கிற மலை இது. இரண்டு பக்கமும் சேரன் கை நீண்டிருக்கையில், நடு மலைக்கு மட்டும் அவன் பெயர் எட்டாமலா போயிருக்கும்? வரை என்ற சொல்லுக்கே மலை என்று பொருள் இருப்பதால் வரையன், மலைக்காரன், என்றும் பிரித்துப் பார்க்கலாம். அழகான யோசனை. ஆனால் சம்புவராயனும் மழவராயனும் மலைக்காரர்கள் இல்லை.

எப்படிப் பிரித்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. இந்த மலைக்காரர்கள் தங்கள் தெய்வத்துக்கு வைத்திருப்பது ஓர் ஆட்சியாளனின் பட்டம். அப்பன், அண்ணன், ஐயன், முனி என்றெல்லாம் பெயர் இருக்க, ராயன் என்று ஏன்?

தமிழில் இந்தக் கலப்பு பழையது. இறை என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். வள்ளுவர் முதல் அதிகாரத்தில் இறைவன் என்று கடவுளைச் சொல்கிறார்; முப்பத்தொன்பதாம் அதிகாரத்துக்கு இறைமாட்சி என்று பெயர், அதில் பேசப்படுபவன் அரசன். அரசனுக்கு இறுக்க வேண்டிய வரிக்கும் இறை என்றே பெயர். இறையிலி என்றால் வரி நீங்கிய நிலம். அதாவது செம்மநத்தத்தின் நத்தமும் ஓர் இறையிலிதான். நாலாவதாகவும் ஒரு பொருள் உண்டு. கூரைச் சரிவு சுவரைத் தாண்டி வெளியே நீண்டு மழையைத் தள்ளிவிடுகிறதே, அந்த விளிம்பும் இறை. குறுந்தொகையில் வீட்டு இறையில் குருவி தங்குகிறது. சேலத்துப் பேச்சில் அது எறவாணம். கதிர் அரிவாளைச் செருகுவது அங்கேதான். திடீர் மழைக்கு வழிப்போக்கன் ஒண்டுவதும் அங்கேதான். கடவுள், அரசன், வரி, எறவாணம் ஆகிய நான்கையும் ஒரே சொல் சுமந்திருக்கிறது. அவற்றில் மூன்று கேட்காமலே சேர்ந்து நிற்கும். வரி மட்டும்தான் உறுத்துகிறது. ஆனால் அதற்கும் காரணம் உண்டு. காப்பவன் வாங்குவான் என்பதுதான் கீழ்நாட்டு ஒப்பந்தம்.

மலையில் அந்த ஒப்பந்தம் எப்படி நடந்தது? மலையாளிகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பூர்வகதையில் விடை இருப்பதாகப் படுகிறது. (கேரளத்து மலையாளி அல்ல. மலை, ஆளி; மலையை ஆள்பவர் என்று பிரியும். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள், 2011 கணக்கில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதும் இதனால்தான்.) எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் அந்தக் கதை பதிவாகியிருக்கிறது. காஞ்சியில் கரிராமன் என்ற சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். அவரைத் தேடி மூன்று அண்ணன் தம்பிகள் பெண்டுபிள்ளைகளோடு பின்னாலேயே வந்து, சேலத்துச் சீமையில் ஆளுக்கொரு வழியாகப் பிரிந்தார்கள். மூத்தவன் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு ஏறினான்.

குடிபெயர்ந்த கதைகள் நம் நாட்டில் நிறைய. பஞ்சம் துரத்தும், படை துரத்தும், அரசன் பெண் கேட்டுத் துரத்துவான். ஓடுகிறவனைச் சாமி ஆறு பிளந்து அக்கரை சேர்க்கும். இந்தக் கதையில் அப்படி இல்லை. சாமியே முதலில் இடம் பெயர்கிறது. இருப்புக் கொள்ளாமல் மலையேறியது தெய்வம். துணைக்குப் போனவன் மனிதன். எந்தச் சூழ்நிலையில் இப்படியொரு கதை பிறந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். நாடு கலங்கி, காப்பாற்ற வேண்டிய கோட்டையும் கோயிலும் கலைந்து, கையில் எதுவுமின்றிக் காடேறியவர்களுக்கு, நம்மோடு நம் சாமியும் வந்திருக்கிறது என்பதைவிட அது நமக்கு முன்னாலேயே வந்துவிட்டது என்பது பெரிய தெம்பு. அங்கே போய் நிலைகொண்டதும் மலையின் சாமிக்கு ராயன் என்ற பட்டம் ஒத்துப்போனதில் வியப்பில்லை. கீழே இருந்த ராயர்கள் தண்டல்காரனை அனுப்புவார்கள். குகைக்குள் இருந்த ராயன் அனுப்பவில்லை. இறைக்குரிய மற்ற மூன்று பொருளும் அவனிடம் இருந்தன, வரி மட்டும் இல்லை.

காவல் தேவைப்பட்ட நாட்கள் மலைக்குக் குறைவில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகப் பெருக வரகும் சாமையும் விளைந்த சரிவுகள் எஸ்டேட் வேலிக்குள் போயின. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த சனத்தொகை, பத்தாண்டு கழித்து எண்ணியபோது 16 லட்சம்தான். கோடைக்குக் கோடை அம்மை வந்தது. மாரி என்ற சொல்லுக்கு மழை என்றும் அம்மை என்றும் பொருள் வைத்து, இரண்டையும் ஒரே தாயின் கையில் கொடுத்தது தமிழ். கொடுப்பவளும் எடுப்பவளும் ஒருத்தியே என்றால் யாரிடம் முறையிடுவது என்று குழம்ப வேண்டியதில்லை.

முறையிடும் வழி காப்பு. சேலத்துப் பக்கம் மாரியம்மன் பண்டிகை சாட்டினால் பூசாரிக்கும் விரதம் இருப்பவருக்கும் மஞ்சள் கிழங்கை மஞ்சள் தோய்த்த கயிற்றில் கோத்து மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிய பிறகு ஊர் எல்லை தாண்டி இராத்தங்கக் கூடாது. போகிப் பொங்கலன்று வீட்டுக்கே காப்பு கட்டு உண்டு: பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் ஒரு பிடியாகச் சேர்த்து எறவாணத்தில் செருகுவது. பூளைப்பூவின் வெள்ளைக் கதிர் காய்ந்தாலும் உதிராது. அடுத்த பொங்கல்வரை புகையேறிப் பழுப்பாகி அங்கேயே இருக்கும். வீட்டு இறையில் இறைவனின் காப்பு. செருகுகிற கிழவிக்கு இந்தச் சொற்பொருத்தம் தெரிய வேண்டியதில்லை. அவள் கை அறியும்.

கா என்ற ஓரெழுத்தில் பிறந்தவை காவல், காப்பு, காவலன், காப்பாற்று எல்லாம். கா என்றால் சோலை என்றும் பொருள். அகராதியார் இரண்டையும் தனித்தனி வேராகப் பதிவார்கள். காக்கப்பட்ட தோப்பு என்று ஒட்டிப் பார்க்கும் தமிழறிஞரும் உண்டு. கோயிற்காட்டில் சுள்ளி ஒடிக்கக்கூட அஞ்சுகிற மலையில் நின்று பார்த்தால் ஒட்டிப் பார்ப்பவர் பக்கமே மனம் சாய்கிறது. குகைக்குள் சேர்வராயனின் துணையாக இருக்கும் காவேரியின் பெயரையும் கா, விரி என்று, சோலைகளை விரிப்பவள் என்று முன்னோர் பிரித்திருக்கிறார்கள். தலைச்சோலை என்று மலையில் ஓர் ஊரே இருக்கிறது.

அடைக்கலம், தஞ்சம், சரண் என்று சமவெளியில் வேறு சொற்களும் புழங்குகின்றன. அவற்றிலும் பெயர்சூட்டல் நடந்திருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சி என்ற ஊரில் வீரமாமுனிவர் கோயில் எழுப்பி, மாதாவுக்கு அடைக்கல மாதா என்றும் ஊருக்குத் திருக்காவலூர் என்றும் பெயர் வைத்தார். திருக்காவலூர்க் கலம்பகம் அந்த ஊர்மேல் பாடியதுதான். இத்தாலியில் பிறந்தவர் தமிழில் காவலுக்கு ஒரு சொல் தேடியபோது அதே கா அவர் கைக்கும் அகப்பட்டது. இருந்தாலும் அடைக்கலத்துக்கும் காவலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அடைக்கலம் தேடுகிறவன் போய்ச் சேர வேண்டும். காவல், அவன் இருக்கிற இடத்துக்கு வரும்.

காப்பாற்று என்ற சொல்லுக்குள் இருப்பது காப்பு, ஆற்று. ஆற்றுதல் என்றால் செய்தல். தொண்டாற்று, உரையாற்று என்பதுபோல. அதே ஒலியில் சூட்டைத் தணிப்பதும் ஆற்றுதல். ஆறுதல் என்பது அங்கிருந்து வந்தது. முதல் ஆற்று வேறு, இரண்டாம் ஆற்று வேறு என்று இலக்கணப் பண்டிதர் கறாராகச் சொல்வார். பேச்சில் இரண்டும் உரசிக்கொண்டுதான் கிடக்கின்றன. மழை பொய்த்த வருஷத்தில் மலையில் ஒரு பெரியவர், “சேர்வராயா, நீதான் பாத்துக்கணும்” என்று உச்சியைப் பார்த்துச் சொன்னால், மழை வரும் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டதாகப் பொருளில்லை. காப்பி பூ எடுக்க மாசி, பங்குனியில் ஒரு மழை வேண்டும். பிடித்த பூ நிற்க அடுத்து ஒரு மழை வேண்டும். வராத வருஷங்களையும் அவர் பார்த்திருப்பார். பாத்துக்கணும் என்பதில் பொறுப்பு கைமாறுகிறது, அவ்வளவுதான். ஆள வந்தவன் என்று பட்டம் கட்டியிருக்கிறோம், ஆகவே கேட்கும் உரிமை உண்டு. வராவிட்டால் ஏசும் உரிமையும் உண்டு. நாட்டார் தெய்வங்களிடம் நம் சனங்கள் பேசும் தோரணையைக் கேட்டவர்களுக்கு இது தெரியும்: பாதி வேண்டுதல், பாதி வழக்கு. ராயன் என்ற பெயர் அந்த வழக்குக்கு இடம் தருகிறது. ஆறுதலின் பெரும்பங்கு அந்த உரிமையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் நன்றாக முடியும் என்ற உறுதி இரண்டாம் பட்சம்.

2020 மே மாதத்தில் தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மலைகளும் மூடப்பட்டன. கொள்ளைநோய்க் காலத்தில் கூட்டாகச் சாமி கும்பிட்டே பழகிய ஒரு நாட்டுக்கு, நோய்க்காகவே கூட்டம் கூடக் கூடாது என்பது புதிய நிலை. அந்த வருஷம் தமிழகம் முழுக்கத் தெருமுனைகளில் மஞ்சள் நீரும் வேப்பிலையுமாகப் பழைய காப்பு திரும்பி வந்ததை எல்லாரும் பார்த்தோம். மருத்துவர்கள் அதனால் பயனில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆனால் வாசற்படியில் வேப்பிலை செருகியவர்களில் பெரும்பாலோர் முகக்கவசமும் போட்டார்கள், பிறகு தடுப்பூசிக்கும் வரிசையில் நின்றார்கள். அம்மைக் காலத்திலும் இப்படித்தான்: வீட்டு வாசலில் வேப்பிலை, கையில் அம்மைப்பால் குத்திய வடு. இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஒழிந்தது. மாரியம்மன் கோயில்களில் கூட்டம் குறையவில்லை.

காப்பு என்ற சொல்லுக்கு மலையில் இன்னொரு வாழ்வும் உண்டு. அரசின் பதிவேடுகளில் காப்புக்காடு என்று ஒன்று இருக்கிறது. 1882ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டம் வந்தபின் எல்லைக்கல் நட்டு ஒதுக்கிய காடு. யாரிடமிருந்து காப்பு? வெட்டுகிறவன், மேய்க்கிறவன், எரித்து விதைக்கிறவன் எல்லாரிடமிருந்தும். அதாவது பெரும்பாலும் மலையில் ஏற்கெனவே இருந்தவர்களிடமிருந்து. வனக்காவலர், வனக்காப்பாளர் என்ற பதவிப் பெயர்களிலும் அதே காதான். காட்டை விட்டிருந்தால் ஒரு மரமும் மிஞ்சியிருக்காது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. தேனுக்கும் கிழங்குக்கும் போனவன் குற்றவாளி ஆனதிலும் உண்மை இருக்கிறது. 2006இல் வந்த வன உரிமைச் சட்டம் இந்த இரண்டாவது உண்மையை ஒப்புக்கொண்டு, மரபு வழியாகக் காட்டில் வாழ்பவருக்கு உழுகிற நிலத்திலும் சிறுவன விளைபொருள்களிலும் உரிமை உண்டு என்றது. அதற்கு மனுப்போட வேண்டும். கிராமசபை தீர்மானம் வேண்டும். கோட்ட அளவில் ஒரு குழு, மாவட்ட அளவில் ஒரு குழு பார்க்க வேண்டும்.

மலையடிவாரத்தில் வனத்துறையின் பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. ஷெவராய் என்ற நறுக்கல் அவற்றில் இல்லை. சேர்வராயன் தெற்கு வனச்சரகம், சேர்வராயன் வடக்கு வனச்சரகம் என்று முழுப்பெயரையே எழுதியிருக்கிறார்கள்.